பின்னல் சால்வைக்கு நிறம் சேர்ப்பது எப்படி

சால்வையைப் பின்னி முடித்து முதன்முதலாகத் தோளில் போட்டுப் பார்க்கும்போதுதான், பின்னிய காலம் முழுவதும் ஒருமுறைகூட அருகருகே வராத இரண்டு நிறங்கள் கழுத்தடியில் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடப்பது கண்ணில் படும். ஸ்வெட்டரில் மேலே உள்ள நிறம் மேலேயும் கீழே உள்ள நிறம் கீழேயும் இருந்துவிடும். அவற்றுக்கு நடுவே நாம் விட்ட இடைவெளி அப்படியே நிற்கும். சால்வையோ மடியும், முறுக்கிக்கொள்ளும், ஒரு முனை மறு தோளுக்குப் போகும், உட்பக்கம் வெளியே திரும்பும். தொடங்கிய நிறமும் முடித்த நிறமும் ஒன்றையொன்று தொட்டே தீரும். ஆகவே எந்தக் கோட்டுக்குப் பக்கத்தில் எந்தக் கோடு வரும் என்று வரிசைப்படுத்திப் பார்த்தால் மட்டும் போதாது; எடுத்துக்கொண்ட ஒவ்வொரு நிறமும் மற்ற ஒவ்வொன்றோடும் சேருகிறதா என்று இணை இணையாகப் பார்க்க வேண்டும். கீழே எழுதியிருப்பதெல்லாம் அந்த வேலையை எப்படிச் செய்வது என்பதைப் பற்றித்தான்.

இணைகளை எண்ணிப் பார்த்தால் வேலையின் அளவு உடனே தெரிந்துவிடும். மூன்று நிறங்களுக்கு 3 இணைகள், நான்கு நிறங்களுக்கு 6, ஐந்துக்கு 10, ஆறுக்கு 15. ஒரு நிறத்தைக் கூட்டுகிறபோது ஒரு கண்டு நூல்தான் கூடுகிறது என்று தோன்றும். ஆனால் பொருந்தியாக வேண்டிய உறவுகள் நான்கைந்தாகக் கூடிவிடும். முதல் சால்வைக்கு நான்கு நிறங்களே நிறைவாக இருக்கும் என்பது என் கருத்து. ஐந்துக்கு மேல் போவதற்குப் பழகிய கண் வேண்டும்.

யாருக்கு, எதன் மேல்

நம் ஊரில் சால்வை பெரும்பாலும் புடவையின் மேல் விழுகிறது. புடவைக்கு ஏற்கெனவே உடல், கரை, முந்தி என்று இரண்டு மூன்று நிறங்கள் உண்டு. சால்வையின் நிறங்களோடு அவையும் சேர்ந்துதான் பார்ப்பவர் கண்ணுக்குப் போகும். எனவே கடைக்குப் போவதற்கு முன்பாக, சால்வையை உடுத்தப்போகிறவரின் பீரோவைத் திறந்து, அவர் அதிகம் கட்டுகிற நான்கைந்து புடவைகளைக் கட்டிலில் விரித்துப் பாருங்கள். என் பெரியம்மாவுக்குக் கொடைக்கானல் பயணத்துக்காகச் சால்வை பின்ன முனைந்தபோது அப்படித்தான் தொடங்கினேன். கட்டிலில் விழுந்தவை அரக்கு, வாடாமல்லி, மயில்கழுத்து ஆகிய மூன்று பட்டுகளும் இரண்டு சுங்குடிகளும்.

சுங்குடி நம் மதுரையின் சொத்து. சௌராஷ்டிர மக்கள் வழிவழியாக முடிச்சிட்டுச் சாயமேற்றி வந்த இந்தப் பருத்திப் புடவைக்கு 2005-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. துணியில் சிறு சிறு முடிச்சுகளைப் போட்டுச் சாயத்தில் முக்கினால், முடிச்சுக்குள் மறைந்த இடம் மட்டும் சாயம் ஏறாமல் வெள்ளைப் புள்ளியாக நிற்கும். புள்ளிகள் நிறைந்த அத்தகைய புடவையின் மேல் நுணுக்கமான வடிவங்கள் கொண்ட சால்வையைப் போட்டால் இரண்டும் ஒன்றையொன்று கெடுத்துக்கொள்ளும். அகலமான பட்டைகள் கொண்ட சால்வை அமைதியாக உட்காரும். வெறும் உடல் கொண்ட பட்டுப் புடவைக்கு நேர்மாறாக, சால்வையில் வேலைப்பாடு கூடியிருக்கலாம்.

நிறத்தைப் பற்றிப் பேசும்போது புடவைக் கடையின் சொற்களையே பயன்படுத்துங்கள் என்று சொல்வேன். நூல் கண்டின் உறையில் பெரும்பாலும் எண்தான் இருக்கும். ‘நீலம்’ என்ற ஒரு சொல்லுக்குள் ஆனந்தா நீலமும் மயில்கழுத்தும், 1916-இல் மதுரையில் பிறந்த எம்.எஸ். சுப்புலட்சுமியின் பெயரால் வழங்கும் எம்.எஸ். நீலமும் இருக்கின்றன, மூன்றும் மூன்று விதமாக நடந்துகொள்ளும். ‘பச்சை’ என்று எழுதி வைத்துக்கொண்டு போனால் கிளிப்பச்சையோடு திரும்பி வரவும் கூடும், பாட்டில் பச்சையோடு வரவும் கூடும்.

முதலில் வெளிச்சமும் இருட்டும்

நிறங்கள் சேருமா சேராதா என்பதைப் பெரிதும் முடிவு செய்வது, அவை சிவப்பா நீலமா என்பதைக் காட்டிலும், எது எவ்வளவு வெளிர், எது எவ்வளவு கருமை என்பதுதான். இதை நான் ஒரு சால்வையை முழுதாகப் பாழாக்கித்தான் கற்றுக்கொண்டேன். வாடாமல்லியையும் ஆனந்தா நீலத்தையும் எடுத்து, இரண்டையும் மாற்றி மாற்றி வைத்துச் சிறு கட்டங்களாகப் பின்னினேன். கண்டுகளாக மேசையில் இருந்தபோது இரண்டும் ஒன்றுக்கொன்று போட்டி போட்டுக்கொண்டு மின்னின. நாற்பது வரிசை முடித்து, நாலடி தள்ளி நாற்காலியில் விரித்துப் பார்த்தபோது கட்டங்களையே காணவில்லை; ஊதாவா நீலமா என்று சொல்ல முடியாத ஒரே மங்கலான பரப்புதான் இருந்தது. இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவு கருமை கொண்டவை என்பதை நான் கவனிக்கவே இல்லை. அத்தனையையும் பிரித்தேன்.

அந்தத் தவறைத் தவிர்க்க இன்று ஒரு நிமிடம் போதும். எடுத்த கண்டுகள் அனைத்தையும் ஒரே இடத்தில் நெருக்கி வைத்துக் கைபேசியில் ஒரே படமாக எடுத்து, அந்தப் படத்தைக் கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பாருங்கள். தனித்தனிப் படங்களாக எடுக்கக் கூடாது. ஒவ்வொரு படத்துக்கும் கேமரா தானாகவே வெளிச்சத்தைக் கூட்டிக் குறைத்துக்கொள்ளும் என்பதால் ஒப்பீடு பொய்யாகிவிடும். கறுப்பு வெள்ளையில் இரண்டு கண்டுகள் ஒரே சாம்பலாகத் தெரிந்தால், அவை இரண்டையும் வைத்துச் சிறு வடிவம் எதையும் பின்ன முடியாது என்று பொருள். கைபேசி இல்லாவிட்டால் கண்ணை முக்கால்வாசி மூடிக்கொண்டு இமை வழியாகப் பார்த்தாலும் ஓரளவு இதே விடை கிடைக்கும். சுங்குடியின் புள்ளி கடுகளவே இருந்தும் தெருக்கோடியிலிருந்து பளிச்சென்று தெரிவதற்குக் காரணம், அது கருத்த அரக்கின் மேலோ அவுரி நீலத்தின் மேலோ வெண்மையாக இருப்பதுதான்.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. சம கருமை கொண்ட இரண்டு நிறங்கள் எப்போதுமே கூடாதவை அல்ல. அரக்கும் மயில்கழுத்தும் கருமையில் ஏறக்குறைய இணையானவை. ஆனால் அவை பத்துப் பதினைந்து சென்டிமீட்டர் அகலப் பட்டைகளாகத் தோளில் சந்தித்தால் கனமான, அமைதியான அழகு வருகிறது. சிறு கட்டம், மெல்லிய கோடு, புள்ளி ஆகியவற்றில்தான் அவை ஒன்றுக்குள் ஒன்று கரைந்து போகும். வடிவம் சிறுக்கச் சிறுக்க வெளிர்மையில் வேறுபாடு கூட வேண்டும் என்பதை மனத்தில் வைத்துக்கொண்டால் போதும்.

நிறம் தன் பக்கத்து நிறத்தால் மாறுகிறது என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். பாரிஸ் நகரின் கோப்லான் திரைச்சீலை நெசவுக்கூடத்தில் சாயப் பிரிவின் பொறுப்பை 1824-இல் ஏற்ற மிஷெல் யூஜின் ஷெவ்ரல் என்ற வேதியியலாளரிடம், கறுப்புச் சாயம் சரியாக ஏறவில்லை, உயிரில்லாமல் இருக்கிறது என்ற புகார் வந்தது. சாயத்தில் குறை இல்லை, பக்கத்தில் வைத்து நெய்த நிறங்களே கறுப்பை அப்படிக் காட்டுகின்றன என்று அவர் கண்டறிந்து, 1839-இல் அதை விரிவாக வெளியிட்டார். நம் கையிலேயே இதைச் சோதிக்கலாம். ஒரே சாம்பல் நிற நூலைச் சிவப்பின் பக்கத்தில் வைத்தால் லேசாகப் பச்சை தட்டியதுபோலவும், நீலத்தின் பக்கத்தில் வைத்தால் லேசாக மஞ்சள் தட்டியதுபோலவும் தெரியும். ஆகவே ஒரு கண்டைத் தனியாகக் கையில் வைத்துக்கொண்டு ‘இது நன்றாக இருக்கிறது’ என்று தீர்மானிப்பதில் பயன் இல்லை. எதன் பக்கத்தில் என்பதே கேள்வி.

எந்த வெளிச்சத்தில் பார்ப்பது

கடையின் டியூப் லைட்டில் ஒன்றுபோல் தெரிந்த இரண்டு நூல்கள் வாசலுக்கு வந்ததும் வேறு வேறாகத் தெரிவதுண்டு. இரண்டுக்கும் வேறு வேறு சாயப் பொருள்களைப் பயன்படுத்தியிருந்தால் ஒரு வெளிச்சத்தில் ஒத்துப்போய் இன்னொன்றில் பிரிந்துவிடும். விளக்குத்தூண் பக்கத்துக் கடைத்தெருக்களில் வாங்குகிறவர்கள் கூச்சப்படாமல், கண்டுகளை வாசற்படிக்கு எடுத்துவந்து பார்க்கலாமா என்று கேட்டுவிடுங்கள், பெரும்பாலானவர்கள் மறுப்பதில்லை. ஆனால் மதுரையின் உச்சிவெயில் நேரடியாக விழுகிற இடத்தில் நின்று பார்க்காதீர்கள், அந்த வெயிலில் எல்லா நிறமும் வெளுத்துத்தான் தெரியும். காலை பத்து மணி அளவில் திண்ணையிலோ தாழ்வாரத்திலோ கிடைக்கும் நிழல் வெளிச்சம்தான் நம்பத்தக்கது.

அதோடு நிறுத்தாமல், சால்வையை உடுத்தப்போகும் நேரத்தின் வெளிச்சத்திலும் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. சால்வை விடியற்காலையிலும், இருட்டும் வேளையிலும், சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கும் கொடைக்கானலின் பனிமூட்டத்திலும் வெளியே வருகிற துணி. வெளிச்சம் மங்க மங்க நம் கண்ணுக்குச் சிவப்பு முதலில் கருத்துவிடும், நீலமும் பச்சையும் ஒப்பளவில் வெளிர்ந்து தெரியும். இது கண்ணின் இயல்பு. பகலில் பச்சையும் சிவப்பும் சம எடையோடு இருந்த சால்வை, ஆறரை மணிக்கு மொட்டைமாடியில் பார்த்தால், சிவப்பு இருந்த இடமெல்லாம் கறுப்பாகத் தெரியக்கூடும். வாங்கி வந்த அன்று மாலையே விளக்கைப் போடாமல் ஒரு பத்து நிமிடம் கண்டுகளோடு உட்கார்ந்து பார்த்தால் இது புரிந்துவிடும்.

அட்டையில் சுற்றிப் பார்ப்பது

இது இந்த வேலையின் நடுப்பகுதி. இதற்காக ஒரு மாலைப்பொழுதை முழுதாக ஒதுக்குங்கள். பழைய கல்யாணப் பத்திரிகை அட்டையிலிருந்து 20 சென்டிமீட்டர் நீளமும் 5 சென்டிமீட்டர் அகலமும் உள்ள ஒரு பட்டையை வெட்டிக்கொள்ளுங்கள். சால்வையின் நீளம் 180 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், அட்டையின் ஒரு சென்டிமீட்டர் சால்வையில் ஒன்பது சென்டிமீட்டராகும். மனத்தில் உள்ள பட்டைகளை அந்தக் கணக்கில் அட்டையில் நெருக்கமாக, அட்டை தெரியாதபடி சுற்றுங்கள். நூலின் நுனியைப் பின்பக்கம் ஒரு சிறு ஒட்டுத்தாளால் ஒட்டினால் போதும். மடிக்க வசதியாக, முன்கூட்டியே அட்டையை மூன்று இடங்களில் நகத்தால் கீறி வைத்துக்கொள்ள வேண்டும்.

பெரியம்மாவுக்கு எடுத்த நிறங்களை நான் அப்படித்தான் சுற்றினேன். பச்சை கட்டாயம் வேண்டும் என்று அவர் சொல்லிவிட்டார். சித்திரையில் ஆற்றில் இறங்கும் அழகர் பச்சைப் பட்டு உடுத்தி வந்தால் அந்த ஆண்டு செழிக்கும் என்பது அவர் தலைமுறையின் உறுதியான நம்பிக்கை, அதிலிருந்து வந்த ஆசை அது. முதலில் இலைப்பச்சையும் அரக்கும் சேர்த்துப் பார்த்தேன். ஓர் இழை பச்சையையும் ஓர் இழை அரக்கையும் சேர்த்து விரலால் முறுக்கி, கையை நீட்டித் தள்ளிப் பிடித்துப் பார்த்தபோது, இரண்டும் கலந்து சேற்று நிறம்தான் தெரிந்தது. எந்த இணைக்கும் இந்த முறுக்கல் சோதனையைச் செய்து பாருங்கள், தூரத்திலிருந்து அந்த இரு நிறங்களும் என்னவாகக் கலக்கும் என்பதை அது முன்கூட்டியே காட்டிவிடும். அதனால் பச்சையை நன்றாகக் கருக்கிப் பாட்டில் பச்சைக்குப் போனேன். அரக்கை விட்டுச் செங்கல் நிறத்தை எடுத்தேன். கூடவே சந்தனமும் மாம்பழ மஞ்சளும் வந்தன.

அட்டையை நேராக வைத்துப் பார்த்தபோது குறை ஒன்றும் இல்லை. பச்சை கருமையாக அடியில் நின்றது, செங்கல் நடுத்தரம், மஞ்சள் ஓரிடத்தில் மட்டும் மெல்லிய கோடு, முனையில் சந்தனம். பிறகு அட்டையைக் கீறிய இடங்களில் மடித்து, சந்தன முனையை மஞ்சள் கோட்டின் மேல் வரச் செய்தேன். பெரியம்மா கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிப் பார்த்துவிட்டு, “என்னடி, சாம்பார் சிந்தின மாதிரி இருக்கு” என்றார். அவர் சொன்னது முழு உண்மை. இரண்டும் வெளிர் நிறங்கள், இரண்டும் மஞ்சள் சாயலே. வேறுபாடு மிகக் குறைவாக இருந்ததால் கோடு வடிவமாகத் தெரியாமல் கறையாகத் தெரிந்தது. ஆறு இணைகளில் ஐந்து தேறின, ஒன்று தவறியது. சந்தனத்தைக் கழித்துவிட்டுப் பாலேட்டு வெள்ளையை வைத்துச் சுற்றியதும் ஆறும் தேறிவிட்டன. நேராக விரித்த படத்தில் மட்டும் பார்த்திருந்தால் இந்தக் குறை சால்வை முடிந்த பிறகுதான் தெரிந்திருக்கும்.

ஓர் இணை தவறும்போது எல்லாவற்றையும் மாற்ற வேண்டியதில்லை. தவறிய இரண்டில், மற்ற நிறங்களோடு எது குறைவாக ஒட்டியிருக்கிறதோ அதை மட்டும் ஒரு படி வெளிர்க்கவோ ஒரு படி கருக்கவோ செய்து மறுபடியும் சுற்றிப் பாருங்கள். பெரும்பாலும் அதுவே போதும்.

அளவுப் பங்கீடு

மல்லிகையும் கனகாம்பரமும் மருக்கொழுந்தும் வைத்துக் கட்டிய சரத்தைக் கவனித்துப் பாருங்கள். வெண்மை மிகுதி, பச்சை ஆங்காங்கே, செம்மஞ்சள் எண்ணிச் சில. சரத்தைக் கொண்டையில் வளைத்துச் சுற்றினாலும், மடித்துத் தொங்கவிட்டாலும், பந்தாகச் சுருட்டி இலையில் வைத்தாலும் அது அழகு கெடுவதில்லை. எந்தப் பூ எதன் பக்கத்தில் விழுந்தாலும் பொருந்தும்படியாக மூன்றும் அமைந்திருக்கின்றன. அளவும் சமமாக இல்லை. சமமாகப் பங்கிட்டால் எந்த நிறமும் தலைமை ஏற்காது, கண் எங்கே நிற்பது என்று தெரியாமல் அலையும். புடவைக்காரர்கள் உடலுக்கு ஒரு நிறம், கரைக்கு ஒன்று, முந்தியில் ஒரு தெறிப்பு என்று வைத்ததும் இந்தக் கணக்கில்தான்.

180 சென்டிமீட்டர் நீளம், 50 சென்டிமீட்டர் அகலம் கொண்ட சால்வைக்கு, 100 கிராமில் சுமார் 220 மீட்டர் ஓடும் நடுத்தரத் தடிமன் நூல் ஏறக்குறைய 400 கிராம் தேவைப்படும். இதற்கு 5 மி.மீ. ஊசி போதும், உறையில் குறித்திருப்பதைவிட ஒரு படி பெரிய ஊசி என்றால்தான் சால்வை விறைக்காமல் குழைந்து விழும். பெரியம்மாவின் சால்வையில் பாட்டில் பச்சை 200 கிராம், பாலேட்டு வெள்ளை 100, செங்கல் 70, மாம்பழ மஞ்சள் 30 என்று பிரித்தேன். அட்டையில் இது முறையே 10, 5, மூன்றரை, ஒன்றரை சென்டிமீட்டர். நான்காவது நிறம் 30 கிராமில் நிற்பதால்தான் அது பிரகாசிக்கிறது; அதையே 100 கிராமாக்கினால் செங்கலின் வேலையை அது பிடுங்கிக்கொள்ளும்.

பட்டைகளின் அகலம் ஒரே சீராக இருந்தால் சமுக்காளம்போல் ஆகிவிடும். 1, 1, 2, 3, 5, 8 என்று முந்தைய இரண்டையும் கூட்டிக்கொண்டே போகும் எண்வரிசையைப் பலரும் இதற்குப் பயன்படுத்துகிறார்கள், அது நன்றாகவே வருகிறது. ஆனால் அந்த எண்களை வரிசைகளாகக் கொள்ளாமல், இரண்டு வரிசை சேர்ந்த மேடுகளாகக் கொள்ள வேண்டும். எல்லா வரிசையையும் ‘நிட்’ என்னும் அடிப்படைக் கண்ணியிலேயே பின்னும்போது இரண்டு வரிசைக்கு ஒரு மேடு உருவாகும். இரட்டை எண்ணிக்கையில் வரிசைகள் முடிந்தால்தான் அடுத்த நூல் காத்துக்கொண்டிருக்கும் ஓரத்திலேயே நாமும் வந்து நிற்போம். ஒற்றை எண்ணிக்கையில் முடித்தால் நூல் ஒரு பக்கம், ஊசி ஒரு பக்கம் என்று ஆகிவிடும்.

இந்தப் பின்னலில் நிறம் மாறும் இடத்தை இரு பக்கமும் திருப்பிப் பாருங்கள். ஒரு பக்கத்தில் கோடு கத்தரித்ததுபோல் நேராக இருக்கும். மறுபக்கத்தில் பழைய நிறமும் புதிய நிறமும் புள்ளி புள்ளியாகக் கலந்து நிற்கும். ஸ்வெட்டரில் இது உள்ளே மறைந்துவிடும், சால்வையில் மறையாது. நான் இதை மறைக்க முயல்வதில்லை. முறுக்கல் சோதனையில் தேறிய நிறங்களாக இருந்தால் அந்தப் புள்ளிக் கோடும் ஒரு வேலைப்பாடாகவே தெரியும். தேறாத நிறங்களாக இருந்தால் அங்கேதான் அழுக்குப் படிந்ததுபோல் காட்டும்.

பட்டை வேண்டாம், ஒரு நிறம் மெல்ல மெல்ல இன்னொன்றாக மாற வேண்டும் என்று விரும்புகிறவர்கள் மயில்கழுத்துப் பட்டு எப்படி உருவாகிறது என்பதை நினைத்துக்கொள்ளலாம். பாவில், அதாவது நீளவாக்கு இழைகளில், ஒரு நிறமும் ஊடையில், அதாவது குறுக்கு இழைகளில், ஒரு நிறமும் ஓடுவதால் அசைவுக்கு அசைவு அது நீலமாகவும் பச்சையாகவும் மாறித் தெரிகிறது. பின்னலில் இதற்கு ஈடாக, மெல்லிய நூலை எப்போதும் இரண்டு இழையாகச் சேர்த்துப் பின்ன வேண்டும். முதல் பகுதிக்கு இரண்டு இழையும் முதல் நிறம், நடுப்பகுதிக்கு ஒவ்வொன்றிலும் ஓர் இழை, கடைசிப் பகுதிக்கு இரண்டு இழையும் இரண்டாம் நிறம். கருமையில் நெருங்கிய நிறங்கள் கட்டங்களில் தோற்றாலும் இங்கே மிக அழகாக வரும். நான் பிரித்துப்போட்ட வாடாமல்லியும் ஆனந்தா நீலமும் பின்னொரு நாளில் இப்படித்தான் பயன்பட்டன. அவை மெல்லிய நூல்களாக இருந்தது என் அதிர்ஷ்டம்.

ஒரே கண்டில் பல நிறம் ஓடும் நூலை எடுத்தால், அதற்குத் துணையாக வெறும் நிற நூலை மட்டுமே வையுங்கள். அந்தக் கண்டுக்குள் ஏற்கெனவே நான்கைந்து நிறங்களும் அவற்றின் இணைகளும் இருக்கின்றன. பல நிறக் கண்டுகள் இரண்டை ஒன்றாக வைத்து நன்றாக வந்ததை நான் இதுவரை பார்த்ததில்லை.

வாங்கும்போதும் நனைக்கும்போதும்

தேவையான நூல் அனைத்தையும் ஒரே நாளில் வாங்கிவிடுங்கள். உறையில் நிற எண்ணுக்குப் பக்கத்தில் சாயத் தொகுதி எண் ஒன்று இருக்கும். நிற எண் ஒன்றாக இருந்து தொகுதி எண் மாறினால் நிறமும் சற்றே மாறியிருக்கும். ஒருமுறை மூன்று கண்டு வாங்கிவிட்டு, மூன்று வாரம் கழித்து அதே எண் என்று நம்பி இரண்டு கண்டு வாங்கிவந்தேன். கண்டாகப் பார்த்தபோது தெரியாத வேறுபாடு, பின்னிய பிறகு வரப்பு கட்டியதுபோல் குறுக்கே ஓடியது. தவிர்க்க முடியாமல் இரண்டு தொகுதிகளைச் சேர்க்க நேர்ந்தால், சேரும் இடத்தில் பழைய கண்டில் இரண்டு வரிசை, புதிய கண்டில் இரண்டு வரிசை என்று பத்துப் பன்னிரண்டு சென்டிமீட்டர் வரை மாற்றி மாற்றிப் பின்னினால் வேறுபாடு கரைந்துவிடும். தலைமை நிறத்தில் ஒரு கண்டு கூடுதலாக வாங்குவது எப்போதும் நல்லது.

நூல்கள் ஒரே வகையாக இருக்கட்டும். நம் கடைகளில் ‘உல்லன்’ என்ற பெயரில் கிடைப்பதில் பெரும்பகுதி அக்ரிலிக். ஒரு மினுமினுப்பு அதற்கு இயல்பு. பருத்தி நூல் ஒளியை விழுங்கி அடக்கமாகத் தெரியும். ஒரே அரக்கு, அக்ரிலிக்கில் ஒன்றாகவும் பருத்தியில் வேறொன்றாகவும் இருக்கும். இரண்டையும் கலந்தால் துவைத்த பிறகு சுருக்கமும் வேறுபடும். பருத்தியில் பின்னினால் எடை கூடும் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள்.

கருத்த நிறமும் வெள்ளையும் ஒரே சால்வையில் வருமானால், சாயம் கெட்டியா என்று பார்க்காமல் ஊசியில் கண்ணி ஏற்றக் கூடாது. ஒவ்வொரு நிறத்திலும் ஒரு முழ நூலை வெந்நீரில் நனைத்து, வெள்ளைத் துணியில் வைத்து அழுத்திச் சுருட்டி, ஒரு மணி நேரம் கழித்துப் பிரித்துப் பாருங்கள். அரக்கு, கருநீலம், பாட்டில் பச்சை ஆகியவற்றில் இந்தச் சோதனை கட்டாயம். துணியில் கறை இறங்கினால், அந்தச் சாயம் தோளில் மடிந்து கிடக்கும் வெள்ளையிலும் ஈரத்தோடு இறங்கும் என்று பொருள். அந்த நூலை வெளிர் நிறங்களோடு சேர்க்காதீர்கள்.

பிறகு நான்கு நிறங்களும் வரும்படி 15 சென்டிமீட்டர் அகலத்தில் ஒரு மாதிரித் துண்டு பின்னி, நனைத்து, நிழலில் உலர்த்துங்கள். மதுரையில் பல வீடுகளில் இருப்பது உப்புத் தன்மையுள்ள போர் தண்ணீர். அதில் சோப்புக் கட்டியால் துவைத்தால் கருத்த நிறங்களின் மேல் வெள்ளைப் படலம் படியும், நிறமே செத்ததுபோல் தெரியும். திரவச் சலவைச் சோப்பு சிறிதளவு போதும், கடைசி அலசலுக்கு நல்ல தண்ணீர் வைத்துக்கொள்ளுங்கள். உலர்ந்த துண்டைத் தோளில் போட்டு, மடித்து, திருப்பி, கண்ணாடி முன் பத்தடி தள்ளி நின்று பாருங்கள். முகத்துக்குப் பக்கத்தில் வரும் நிறம் முகத்தைத் தெளிவாகக் காட்டுகிறதா, களைப்பாகக் காட்டுகிறதா என்பதையும் இப்போதே பார்த்துவிட வேண்டும். பெரியம்மாவுக்குச் செங்கல் நிறம் கழுத்தருகே வந்தபோது முகம் பளிச்சென்று இருந்தது. வெறும் பச்சை வந்தபோது சற்று வாடித் தெரிந்தது. எனவே செங்கல் பட்டைகளை முனைகளிலிருந்து நகர்த்தி, கழுத்தில் விழும் நடுப்பகுதிக்குக் கொண்டுவந்தேன்.

கடைசியாக ஓரம். நிறம் மாறும்போது நூலை அறுக்காமல் ஓரமாகவே மேலே ஏற்றிக்கொண்டு போவது குறுகிய பட்டைகளுக்குச் சரி. ஆறு வரிசைக்கு மேல் போனால் அறுத்துவிடுவது நல்லது, இல்லையென்றால் அந்த நூல் வெளியே தொங்கிக்கொண்டு தெரியும். அறுத்த நுனியை அதன் சொந்த நிறப் பட்டைக்குள்ளேயே கோத்து மறையுங்கள். எல்லாம் முடிந்ததும் நீளவாக்கில் ஓரத்தில் கண்ணிகளை எடுத்து நான்கு வரிசை ஒரே நிறத்தில் கரை பின்னினால் சால்வைக்கு ஒரு கட்டுக்கோப்பு வரும். அந்தக் கரை எல்லாப் பட்டைகளையும் தொட்டுக்கொண்டு ஓடுவதால், எல்லா இணைகளிலும் சிரமமின்றித் தேறிய நிறம் எதுவோ அதுதான் கரைக்கு. என் கணக்கில் அது பாட்டில் பச்சையாக இருந்தது. நூல் மிச்சம் இருக்குமா என்ற சந்தேகம் வந்தால், ஒரு வரிசைக்கு அதன் நீளத்தைப்போல நான்கு மடங்கு நூல் வைத்துக்கொள்ளுங்கள். 180 சென்டிமீட்டர் ஓரத்துக்கு ஒரு வரிசைக்கு ஏழு மீட்டருக்குச் சற்று மேல், இரு ஓரத்துக்கும் நான்கு நான்கு வரிசை என்றால் ஏறக்குறைய 58 மீட்டர். இதை முன்கூட்டியே நிறுத்து எடுத்துத் தனியாக வைத்துவிட்டால், முடிக்கும்போது நூல் போதாமல் நிற்க வேண்டியதில்லை.

மிச்சமான நூலில் ஒவ்வொரு நிறத்திலும் ஐந்து மீட்டர் எடுத்து, முதலில் சுற்றிப் பார்த்த அதே அட்டையின் மேல் சுற்றி, பின்பக்கத்தில் நிற எண்ணையும் தொகுதி எண்ணையும் எழுதிச் சால்வையோடு பீரோவில் வைத்துவிடுங்கள். கண்ணி எங்காவது அறுந்தால் எடுத்துத் தைக்க அந்த நூல்தான் வேண்டும்.